எழுத்து குழம்புகிறவர்கள் எழுதப் பழகுவது எப்படி: ஒரு சுவாமிமலைப் பட்டறையிலிருந்து

நான் சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்க்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்தேன். இப்போது வயது 46. நாற்பது வயது வரைக்கும் கையெழுத்துப் போடவும், பில் புத்தகத்தில் தொகை போடவும் தவிர பேனாவை எடுத்ததில்லை. இன்றைக்குத் தினமும் காலையில் கால் மணி நேரம் எழுதுகிறேன். எழுதாத நாள், விளக்கேற்றாமல் பட்டறையைத் திறந்த மாதிரி இருக்கிறது.

எனக்கு டிஸ்லெக்சியா. எழுத்துகள் இடம் மாறும். ஒன்று போல இருப்பவை ஒன்றாகவே ஆகிவிடும். ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு இறங்குவதற்குள் வழி தவறிவிடும். இந்தத் தடுமாற்றத்தோடு கைத்தொழில் செய்கிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். திருபுவனத்தில் தறியில் உட்கார்ந்திருப்பவர், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு கடைகிறவர், நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம் துளைக்கிறவர், எவராகவும் இருக்கலாம். அவர்களுக்காக எனக்குப் பலித்த வழியைச் சொல்கிறேன். எழுதுவதில் சந்தோஷம் வருவதற்கான வழி இது. பிழை அப்புறம் கொஞ்சம் குறையும். முழுக்கப் போகாது, எனக்குப் போகவில்லை.

முதலில் ஒரு சம்பவம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயிலுக்கு சோமாஸ்கந்தர் செய்தோம். பீடத்தின் முன்பக்கத்தில் உபயதாரர் பெயரை வெட்ட வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு அப்பா ஊரில் இல்லை. நானே உளியை எடுத்தேன். மறுநாள் சிலையை எடுத்துப்போக வந்தவர் பீடத்தைக் குனிந்து பார்த்தார், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ‘உபயம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘உயபம்’ இருந்தது. சீட்டையும் பீடத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. பீடத்தின் முகம் முழுவதையும் அரத்தால் ராவி, மெருகு போட்டு, மறுபடி வெட்ட இரண்டு நாள் ஆயிற்று. “படிச்சிருந்தா இப்படி வருமா தம்பி” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வியை ரொம்ப நாள் சுமந்தேன்.

அதற்குப் பதில் கிடைத்தது என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. அவனுக்கு வாசிப்பு வரவில்லை என்று ஒரு சிறப்பு ஆசிரியரிடம் அழைத்துப்போனோம். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். இது கண் கோளாறு இல்லை, புத்திக் குறைவும் இல்லை. எழுத்தையும் அதன் ஒலியையும் இணைக்கிற வேலை சிலருடைய மூளையில் வேறு மாதிரி நடக்கிறது. குடும்பத்தில் வழிவழியாக வருவது சகஜம். டிஸ்லெக்சியா என்ற பெயரை 1887இல் ரூடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் வைத்தாராம். அந்த அம்மா பையனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். நான் என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. பள்ளியில் கேட்டு வாங்குங்கள். எங்கள் காலத்தில் கேட்க ஆளில்லை.

சரி, வழிக்கு வருவோம்.

பேனாவை எடுக்காதீர்கள். இதுதான் முதல் வேலை. எங்கள் தொழிலில் முதலில் மெழுகில் உருவம் பிடிப்போம். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, களிமண்ணும் மணலும் சேர்த்து மேலே மேலே அப்பிக் கம்பி கட்டுவோம். வறட்டி மூட்டிச் சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் கூட்டில் உலோகத்தை ஊற்றுவோம். ஆறியபின் மண்ணை உடைத்து, அரம் போட்டு, உளி போட்டு, கடைசியில்தான் நகாசு, அதாவது நுணுக்க வேலை. மெழுகு பிடிக்கும்போது எவரும் உளியைத் தொடுவதில்லை. ஆனால் எழுத்தில் மட்டும் என்ன செய்கிறோம்? ஒரு சொல்லை எழுத ஆரம்பிக்கும்போதே ரகரமா றகரமா என்று உளியோடு நிற்கிறோம். உருவமே இன்னும் வரவில்லை, அதற்குள் நகாசு. பள்ளியில் என்னை உட்காரவைத்தது இந்தத் தலைகீழ் வரிசையில்தான். இதைச் சரிப்படுத்தினாலே பாதிப் பயம் போய்விடும்.

நமக்கு மெழுகு என்பது பேச்சு. எங்கள் முருகன் கோயிலுக்கு 60 படி, ஒரு படிக்கு ஒரு தமிழ் வருஷம். ஏழு வயதில் பிரபவ, விபவ, சுக்ல என்று அறுபதையும் சொல்லிக்கொண்டே ஏறுவேன், ஒன்றும் விடாது. எந்தத் தெய்வம் எப்படி இருக்கும் என்று சொல்லும் தியான சுலோகங்களும் காதால் வந்தவைதான். வாசிக்க முடியாத பையனிடம் இவ்வளவும் இருந்தது. உங்களிடமும் இருக்கும். ஆகவே செல்போனை எடுத்து, ஒலிப்பதிவை அழுத்தி, இரண்டு நிமிஷம் பேசுங்கள். யாரிடம் பேசுகிறோம் என்று மனதில் ஒரு ஆள் இருக்க வேண்டும். நான் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் பேசுவதாக வைத்துக்கொள்வேன். “தம்பி, இன்னைக்கி அந்தக் கை ஏன் வளைஞ்சிது தெரியுமா” என்று ஆரம்பித்தால் நிற்காமல் வரும்.

எதைப் பேசுவது? அன்றைக்குக் கையால் செய்த ஒரே ஒரு வேலை. வாழ்க்கை வரலாறெல்லாம் வேண்டாம். இதற்குத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில்தான் எனக்கு வாத்தியார். 1010இல் முடிந்த கோயில். அதன் சுவரிலும் அடித்தளத்திலும் ராஜராஜன் வெட்டச் சொன்ன கல்வெட்டுகள் இருக்கின்றன. தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, தேவிமார் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்றான். வெட்டப்பட்டதில் பெரும் பங்கு என்ன என்றால் பொருள்களின் விவரம்தான். எங்கள் தொழிலின் செப்புத் திருமேனிகளும் அதில் வருகின்றன: எத்தனை திருக்கை, பாதத்திலிருந்து கேசம் வரை எத்தனை விரல் உயரம், எந்தப் பீடத்தில் நிற்கிறது என்று. அலங்காரம் ஒன்றும் கிடையாது. விவரம் தெரிந்த ஒருவர் அதை வாசித்துக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வெட்டிய எழுத்தில் எங்கள் பட்டறைப் பேச்சு அப்படியே இருந்தது. இப்படி எழுதலாம் என்றால் என்னாலும் முடியுமே என்று தோன்றியது அங்கேதான்.

நான் முதன்முதலாக எழுதி முடித்தது இது: “இன்று நடராஜர் மெழுகு. தூக்கிய கால் வைத்தேன். வெயில் ஏறிவிட்டது. மெழுகு இளகிக் கால் தொங்கியது. தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். அரை மணி. கால் நின்றது.” ஏழே வாக்கியம். மூன்று நாள் எடுத்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பேசினதைத் தாளுக்குக் கொண்டுவர இரண்டு வழி. போனில் தமிழ் விசைப்பலகையில் மைக் பொத்தானை அழுத்திப் பேசினால் அதுவே எழுதும். தொழில் சொற்களில் சறுக்கும், நம் பக்கத்துப் பேச்சை வேறு எதுவாகவோ ஆக்கும், போகட்டும். அவசரத்துக்கு நல்லது. இன்னொரு வழி, பதிவை ஓடவிட்டு ஒரு வாக்கியம் கேட்டு நிறுத்தி, அதைக் கையால் எழுதுவது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. கை வேலைக்காரனுக்குக் கை இறங்கினால்தான் திருப்தி.

இங்கேதான் ஒடியோலை வருகிறது. சிலை செய்ய ஆரம்பிக்கும்போது பச்சைத் தென்னங்கீற்று ஒன்றை எடுத்து, ஈர்க்கை நீக்கி, சிலையின் உயரத்துக்கு வெட்டிக்கொள்வோம். அதை மடித்து மடித்துப் பங்கு பிரிப்போம். உத்தம தசதாலம் என்ற அளவு முறையில் மொத்தம் 124 பங்கு. முகம் எங்கே முடிகிறது, நாபி எங்கே, முழங்கால் எங்கே என்று மடிப்பைத் தொட்டால் தெரியும். ஒரு எண்ணும் எழுத வேண்டாம். என்னைப் போன்றவனுக்கென்றே எவரோ கண்டுபிடித்த மாதிரி ஒரு அளவுகோல்.

அதையே தாளுக்குச் செய்யுங்கள். ஒரு ஏ4 தாளை மேலிருந்து கீழாக மூன்று தரம் மடித்தால் எட்டுப் பட்டை கிடைக்கும். ஒரு பட்டைக்கு ஒரு வாக்கியம். முதல் பட்டையில் எந்தப் பொருள் என்று எழுதுங்கள். கடைசிப் பட்டையில் வேலை எந்த நிலையில் நின்றது என்று எழுதுங்கள். நடுவில் இருக்கும் ஆறிலும் நடந்ததை எழுதுங்கள். எழுதும்போது அந்தப் பட்டை மட்டும் தெரியும்படி மீதியை மடித்து வையுங்கள். மற்ற வரிகள் கண்ணில் பட்டால்தான் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு பட்டைக்குள் அவை அடங்கி இருக்கின்றன.

எட்டும் முடிந்ததும் கத்தரிக்கோலால் மடிப்போடு வெட்டி, எட்டுச் சீட்டையும் வேலை செய்யும் பலகையில் பரப்புங்கள். ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்து இடம் மாற்றிப் பாருங்கள். ஐந்தாவதை முதலில் வைத்தால் நன்றாக இருக்கிறதா? இரண்டு சீட்டு ஒன்றையே சொல்கிறதா? ஒன்றை எடுத்துவிடலாம். எனக்கு எழுதுவதில் ருசி தட்டியது இந்த இடத்தில்தான். அதுவரைக்கும் எழுத்து என்றால் மேலிருந்து கீழே ஒரே மூச்சில் ஓட வேண்டியது, தடுக்கினால் தோல்வி. பலகையில் பரப்பியதும் அது கையால் நகர்த்தக்கூடிய பொருளாகிவிட்டது. நகையை எந்த இடத்தில் ஒட்டினால் சிலைக்கு எடுப்பு என்று பார்ப்போமே, அதே கண், அதே கை. ஒருநாள் ராத்திரி எட்டுச் சீட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

மீந்த ஒடியோலையையும் எறிய வேண்டாம். வாசிக்கும்போது வரிக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே போக அதைவிட நல்ல சாமான் கிடையாது.

இனி எழுத்துகள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று மிரட்டுவார்கள். எல்லாமே உங்களைத் தொந்தரவு செய்யாது. எவை செய்கின்றன என்று ஒரு மாசம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்று ப, ய, ம, ழ என்ற கூட்டம். பகரத்தின் பெட்டிக்கு இடப்பக்கம் ஒரு வளைவு கூடினால் ய, வலக்கால் வளைந்து திரும்பினால் ம, கீழே வால் சுழன்றால் ழ. கண் அவசரத்தில் எல்லாவற்றையும் பெட்டி என்றே பார்த்துவிடும். இன்னொன்று கெ, கொ போன்றவற்றில் எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பு.

பெட்டிக் கூட்டத்துக்கு மருந்து என் மகன் கொண்டுவந்தான். அந்தச் சிறப்பு ஆசிரியர் அவனுக்குச் சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவி, அதே நேரம் ஒலியைச் சத்தமாகச் சொல்லப் பழக்கினார். வீட்டுக்கு வந்து, “அப்பா, நீங்களும் தடவிப் பாருங்க” என்றான். தகப்பனுக்கு மகன் ஓங்காரம் சொன்ன ஊர் இது. நான் மறுக்கவில்லை.

பட்டறையில் எங்களுக்கு மெழுகு இருக்கிறது: தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சினது. பூணூலுக்கும் சலங்கைக்கும் மாலைக்கும் அதை நூலாகத் திரிப்போம். ஈரக் கையால் பலகையில் வைத்து உருட்டினால் மெல்லிய கம்பியாக நீளும். அந்தக் கம்பியில் ழகரம் செய்து பார்த்தேன். இடமிருந்து இறங்கி, வளைந்து ஏறி, மறுபடி இறங்கி, வலப்பக்கம் சுழித்து, வாலை அடியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வால் வருமிடத்தில் கம்பி விறைத்து ஒடியப் பார்க்கும். மூச்சுக்காற்றின் சூட்டை ஊதி இளக்கித் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் “ழ” என்று சொல்லும்போது நாக்கும் அதே மாதிரி மேலே மடங்கித் திரும்புகிறது! நாற்பது வயதில் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு ழகரத்தை நான் தவறவிட்டதில்லை. விரலுக்குத் தெரிந்துவிட்டது.

மெழுகு இல்லாதவர்கள் சப்பாத்தி மாவில் திரிக்கலாம், களிமண்ணில் செய்யலாம், கோலமாவில் போடலாம். விஜயதசமிக்குப் பிள்ளையின் விரலைப் பிடித்து நெல்லில் எழுத வைக்கிறோம், திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதினார்கள். தொட்டு எழுதுவது நம்மிடம் இருந்த வழிதான். சீக்கிரமாக விட்டுவிடுகிறோம் என்பது என் வருத்தம். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து, பத்து தரம், சத்தமாகச் சொல்லிக்கொண்டே. அவ்வளவு போதும்.

கொம்பு விஷயம் வேறு. ‘கெ’ என்று சொல்லும்போது ககர ஒலி முதலில் வருகிறது. எழுதும்போது கை கொம்பை முதலில் போட வேண்டும். ‘கொ’ என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வாய் ஒரு வரிசை, கை ஒரு வரிசை, நடுவில் நாம் சிக்கிக்கொள்கிறோம். நான் செய்வது: இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு ககரத்தை முதலில் எழுதிவிடுவேன், அப்புறம் வந்து கொம்பை மாட்டுவேன். சிலைக்கு உடம்பு பிடித்தபின் கையை ஒட்டுவது போல. எவரும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. போனில் இந்தத் தொல்லையே இல்லை, அங்கே க தட்டிவிட்டு அப்புறம்தான் கொம்பைத் தட்டுகிறோம், சொல்லும் வரிசையிலேயே.

பிழைக்காகக் கூனிக் குறுகுகிறவர்கள் ஒருமுறை தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் போய்வாருங்கள். ஓலைச்சுவடிகளைப் பார்க்கலாம். பழைய சுவடிகளில் மெய்க்குப் புள்ளி வைப்பது அபூர்வம், ஓலை கிழியும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இன்று இருக்கும் வேறுபாட்டை வகுத்தவர் வீரமாமுனிவர். கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியில் இருந்தவர், 1747இல் காலமானார். என் தாத்தாவின் கணக்கு நோட்டில் லை எல்லாம் யானைத் துதிக்கையோடு இருக்கும். பெரியாரின் சீர்திருத்த எழுத்தை அரசு ஏற்றது 1978இல். நான் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். பள்ளியில் ஒரு லை, அப்பா எழுதிக் காட்டுவது இன்னொரு லை. குழம்பினேன், அடியும் வாங்கினேன். சுவடியின் முன்னால் நின்றபோது, இந்த எழுத்துகளும் செய்பொருள்தான், பல கைகள் ராவி ராவி இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவை என்று பட்டது. அன்றிலிருந்து அவற்றின்மேல் எனக்குப் பயம் இல்லை. பிரியம் வந்துவிட்டது.

திருத்துவது கடைசி. எழுதிய அன்றைக்கே திருத்த வேண்டாம், வார்த்த சூட்டோடு மண்ணை உடைக்கிறவன் உண்டா? மறுநாள் போனில் தட்டி, அதையே வாசிக்கச் சொல்லுங்கள். கண் விட்ட பிழையைக் காது பிடிக்கும். ‘மெழுகு’ என்று இருக்க வேண்டியது ‘மெகுழு’ என்று கேட்டால் உடனே உறைக்கும். ஆனால் ன, ண இரண்டையும், ல, ள இரண்டையும் காதால் மட்டும் பிடிக்க முடியாது, நம் பேச்சிலேயே அவை கலந்துவிட்டன. அதற்கு ஒரு அட்டையில் தொழிலில் அடிக்கடி வரும் சொற்களைப் பெரிதாக எழுதி மாட்டிவையுங்கள். என் அட்டையில் முப்பது இருக்கின்றன: வார்ப்பு, பீடம், திருவாசி, குங்கிலியம், உபயம் என்று.

பிறகு ஒரு ஆளிடம் காட்டுங்கள். ஒரே ஒரு ஆள் போதும். நான் மனைவியிடம் காட்டுகிறேன். முன்கூட்டியே ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். முதலில் முழுக்க வாசித்துவிட்டு, விஷயம் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிழையைப் பற்றிப் பிறகுதான் பேச்சு. சிவப்பு மை கூடாது, பென்சில்தான். ஒரு தடவைக்கு மூன்று பிழைக்கு மேல் காட்டக் கூடாது. முதல் தடவை அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “மெழுகு தண்ணியில நிக்கிறது எனக்கு இத்தன வருஷமா தெரியாதுங்க” என்றாள். அடுப்படிக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள்: பளீர் வெள்ளைத் தாளைவிட மங்கலான பழுப்புத் தாள் கண்ணுக்கு இதம். போனில் எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே இடம் விடுங்கள். உலை மூட்டின நாளில் எழுத உட்காராதீர்கள், களைத்த மூளையில் எல்லாம் இரட்டிப்பாகக் குழம்பும். கால் மணி ஆனதும், நன்றாக வந்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். மறுநாள் உட்கார ஆசை மிச்சமிருக்கும்.

போன தை மாசம் மறுபடி ஒரு பீடத்துக்கு உபயம் எழுத்து கேட்டார்கள். உளியால் வெட்ட வேண்டாம் என்று முடிவு செய்தேன். மெழுகுக் கம்பியில் எழுத்துகளைச் செய்து, மெழுகுப் பீடத்திலேயே ஒட்டினேன். வண்டல் பூசுவதற்கு முன்னால் மனைவியைக் கூப்பிட்டேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மகனும் வந்து விரலால் தொடாமல் தொட்டுப் படித்தான். பதினைந்து நாள் கழித்து வார்த்து, மண்ணை உடைத்தோம். கரி படிந்த பீடத்தில் நாலு எழுத்தும் எழும்பி நின்றன. இரண்டாவது ப, மூன்றாவது ய.